அசையாமல் நின்றவள்

படகுத்துறைப் படத்தில் ஒரே ஒரு முகம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. அப்படி விழ வழியே இல்லை. விடிகாலைப் பனியில் ஒரு நொடி முழுக்க ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்த படம் அது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் புகையாய்க் கலைவதுதான் அழகு என்று நினைத்து எடுத்தார் படக்காரர். மூச்சு விடுகிற எதுவும் அந்த ஒரு நொடியில் கொஞ்சமாவது மங்கித்தான் ஆக வேண்டும். கடைசிப் படியில் நின்ற பெண் மங்கவில்லை.

இருட்டறையின் சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தண்ணீரின் புளித்த நெடிக்கு நடுவே, அவர் தட்டின் மேல் குனிந்தார். வாரிய ஈரத் தலை, துடைத்த முகம், தொங்கவிட்ட கைகள். அவளை அவருக்குத் தெரியும்.

வெளியே கூடத்தில் மகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது... அப்பா, இன்னும் இருட்டுலயேவா இருக்கே? நீ என்ன வௌவாலா?"

"வந்துட்டேன், குருவி." குரல் அவருடையதாக இல்லை.

படகுத்துறைக்கு முந்தின வாரம், அங்கிருந்து நானூறு மைல் தள்ளி, மலைப்பாதையோரச் சலவைக்கூடம் ஒன்றில் அவளைப் பார்த்திருந்தார். "ஐயா, என்னையும் ஒண்ணு எடுங்க. என் பொண்ணு தூரத்துல இருக்கா. என் மொகமே மறந்து போயிருக்கும்" என்று சொல்லி, அவசர அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றாள். சுருளில் இரண்டு படங்களே மீதி. நல்ல வெளிச்சத்துக்கென்று அவற்றை வைத்திருந்தார். கேமராவைக் கண்ணில் வைத்து, நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம் போட்டு, "எடுத்தாச்சும்மா" என்றார். ஒரு படம் கொடுத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? வண்டி வளைவில் திரும்பும்போதும் அவள் அப்படியே நின்றாள், இன்னும் எடுத்து முடியவில்லை என்பதுபோல.

அடுத்த தாள். ரயில் நிலையம். கூட்டமெல்லாம் புகை. அவள் தெளிவு. அவள் கை ஒரு சுமைகூலிக்காரர் தோளில். அந்த மனிதரும் தெளிவு. கண் விரிந்து, சிலையாக.

"அம்பத்தொண்ணு, அம்பத்திரெண்டு..." தரையில் கயிறு அடிக்கும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் மூச்சு விட்டார்.

கடைசித் தாள். இன்று காலை வாசலில் எடுத்தது. ஊர் சுற்றித் திரும்பிய அப்பாவைக் கட்டிக்கொள்ள மகள் ஓடி வந்த படம். தாளில் மெல்ல மெல்லக் கறுப்பு ஊறியது. வாசற்படி. கதவு. மகள்.

ஓடவில்லை. நின்றிருந்தாள்.

தோளில் ஒரு கை.

"அம்பத்தாறு, அம்—"

கயிறு நின்றது.

"கடவுளே!" கதவைத் தள்ளினார். வெயில் கண்ணைக் குத்தியது. கூடத்துச் சுவரோரம் மகள் நிமிர்ந்து நின்றாள். கைகள் தொங்கின. கயிறு காலடியில்.

"குருவி? கண்ணு?"

இருட்டறைக்கு ஓடிக் கேமராவை எடுத்து வந்தார். புதுச் சுருளை மாட்டினார். மகளுக்குப் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்து, "அம்மா, தப்புதாம்மா. இப்ப எடுக்கறேன். நெசமா எடுக்கறேன். புள்ளைய விட்டுடுங்க" என்று அழுதார்.

அழுத்தினார். ஒன்று. இன்னொன்று. முப்பத்தாறும்.

சுருள் தீர்ந்தது.

எங்கிருந்தோ ஒரு ஈ வந்து மகளின் திறந்த கண்ணில் உட்கார்ந்தது. கருவிழியின் மேல் மெதுவாக நடந்து மறுபக்கம் போனது.

அவள் இமைக்கவில்லை.