ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு

இளவரசி வீட்டில் சர்க்கரை டப்பா ஓரிடத்தில் தங்கியதே இல்லை. திங்கட்கிழமை அரிசி மூட்டைக்குப் பின்னால் இருக்கும். புதன்கிழமை அவளுடைய பள்ளிப் பைக்குள் இருக்கும். ஒருநாள் அழுக்குத் துணிக்கு அடியில் இருந்தது. நல்லவேளை, வாளியில் விழுவதற்கு முன்னால் அம்மா பார்த்துவிட்டாள்.

இளவரசி இப்படி ஒளித்து வைப்பதெல்லாம் அப்பா ராஜாமணிக்காகத்தான். அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து ஒரு வருடம் ஆகிறது. கூடவே ரத்தக் கொதிப்பும் உண்டு. ஆனால் இனிப்பைக் கண்டால் கை தானாக நீண்டுவிடும். பனித்திட்டு மீனவர் தெருவில் எந்தக் காற்றுக்கும் அசையாத ஆள் என்று பெயர் வாங்கியவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு மட்டும் பயப்படுவார்.

"எம்மா, ஒரே ஒரு துண்டு வெல்லம்..."

"மூச்!"

அவ்வளவுதான், கை உள்ளே போய்விடும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அட்டையின் நிறத்தை வைத்துத்தான் அடையாளம். சிவப்பு அட்டை காலையில் ஒன்று. பச்சை அட்டை காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அப்படிப்பட்டவர் இந்த வாரம் முழுக்க ஒரு மாதிரியாகவே இருந்தார். விடியற்காலையில் எழுந்தால் சட்டை நனைந்திருக்கும். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார்.

"பித்தம்டி. எலுமிச்சம்பழச் சாறு குடிச்சா சரியாப் பூடும்" என்பார்.

இளவரசிக்கு மனசு கேட்கவில்லை. புயல் எச்சரிக்கையால் படகுகள் ஒரு வாரமாகக் கரையில் கிடந்தன. திங்கட்கிழமை விடியலில் கடலுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். இங்கே தடுமாறினால் விழுவது மணலில். நடுக்கடலில் தடுமாறினால்?

சனிக்கிழமை காலை அம்மா அம்சவள்ளி கருவாட்டுக் கூடையோடு பாகூர் சந்தைக்குப் போயிருந்தாள். அப்பா மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே கரைக்கு வலை தைக்கப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணவில்லை. இளவரசி தூக்குவாளியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, கஞ்சி."

அப்பா திரும்பவில்லை. அவர் கையில் வலை ஊசி ஆடிக்கொண்டிருந்தது. நிழலில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் முகத்திலிருந்து வேர்வை சொட்டியது.

"இன்னாப்பா ஆச்சி?"

"நீ... ஸ்கூலுக்குப் போவல?"

"இன்னிக்கு சனிக்கெழமைப்பா."

"அப்ப படகு எங்க? யாரு எடுத்துக்கினு போனது?"

படகு அவர் முதுகுக்குப் பின்னால்தான் நின்றது.

இளவரசி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, நர்ஸ் சகாயராணி அக்காவைக் கூப்பிட்டாள். வாரம் ஒருமுறை தெருவுக்கு வந்து எல்லாருக்கும் ரத்தக் கொதிப்பு பார்ப்பவர் அவர்.

"வேர்க்குதா?" என்று கேட்டார் அக்கா.

"குளிச்ச மாதிரி கீதுக்கா."

"கை நடுங்குதா? பேசறாரா?"

"நடுங்குது. பேசறாரு, ஆனா தப்புத் தப்பா பேசறாரு."

"ரத்தத்துல சர்க்கரை எறங்கியிருக்கும்மா. ஒரு டம்ளர் தண்ணியில மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கி ஒடனே குடு."

இளவரசி அசையவில்லை.

"அக்கா... எங்கப்பாவுக்குச் சர்க்கரை நோவு."

"தெரியும்டி கண்ணு. ஏறினாலும் ஆபத்து, எறங்கினாலும் ஆபத்து. முழுங்க முடியலன்னா வாயில ஒன்னும் ஊத்தாத, 108-க்குப் போடு. நான் வண்டியில கெளம்பிட்டேன். ஓடு!"

ஓடினாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் டப்பா இல்லை. பள்ளிப் பைக்குள் இல்லை. எங்கே வைத்தாள்? ஒரு வருடமாக அப்பாவிடமிருந்து ஒளித்து ஒளித்து, இன்று அவளுக்கே தெரியவில்லை! கண்ணில் நீர் முட்டியது.

மிதவைக் கோணி!

கொல்லைக்குப் பாய்ந்து கோணியைக் கவிழ்த்தாள். வலையில் கட்டும் மிதவைகள் நாலா பக்கமும் உருண்டன. ஒவ்வொன்றிலும் நீலக் கயிற்றில் மூன்று முடிச்சு இருந்தது. கடலில் எத்தனை வலை கிடந்தாலும் அது ராஜாமணி வலை என்று சொல்லும் அடையாளம். கடைசியாக டப்பா விழுந்தது.

அவள் கலக்கி ஓடிவந்து கொடுத்த சர்க்கரைத் தண்ணீரை அப்பா கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தார். அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்தாள். நேரம் நகரவே இல்லை.

அப்புறம் அப்பாவின் கை நடுக்கம் மெல்ல அடங்கியது. காலி டம்ளரை உற்றுப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"எளவரசி... நீயா எனக்குச் சர்க்கரை குடுத்த?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

சகாயராணி அக்கா வந்து விரலில் குத்திப் பார்த்தார். "தேவலை, ஏறிக்கினு வருது. கஞ்சியக் குடிங்கண்ணே. ஆனா ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆவணும். இது திரும்ப எறங்கும்."

"சாப்புடாம இருந்துட்டேன், அவ்ளோதான். திங்கக்கெழமை கடலுக்குப் போவணும்மா."

"கடல் எங்கயும் போயிடாது. எளவரசி, அப்பா மாத்திரையெல்லாம் எடுத்துக்கினு வா."

அக்கா ஆட்டோவுக்குப் போன் போட, இளவரசி வீட்டுக்கு ஓடி மாத்திரை டப்பாவைத் திறந்தாள். சிவப்பு அட்டையைப் பார்த்ததும் அவளுக்குத் தன் அறிவியல் புத்தகம் ஞாபகம் வந்தது. போன மாதத்துக் காலி அட்டை ஒன்றை, பளபளப்பாக இருக்கிறதே என்று பக்க அடையாளமாக வைத்திருந்தாள். அதை எடுத்துவந்து புது அட்டையோடு சேர்த்துப் பிடித்தாள். பின்பக்கம் பொடி எழுத்து. எழுத்து எழுத்தாகப் படித்தாள். பெயர் வேறு.

சட்டென்று பச்சை அட்டையைத் திருப்பினாள். பழைய சிவப்பு அட்டையில் இருந்த அதே பெயர்! மூன்றையும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

"அக்கா! மாறிப்போச்சி! போன மாசம் செவப்புல இருந்தது இந்த மாசம் பச்சையில கீது!"

அக்கா மூன்று அட்டைகளையும் வாங்கிப் பார்த்தார். பச்சை அட்டையைத் தனியாக எடுத்துக் காட்டினார்.

"இது சர்க்கரை மாத்திரை, ஒரு வேளைதான் போடணும். அண்ணே, பச்சைன்னு நெனச்சி இதை ரெண்டு வேளையா போட்டீங்க?"

"பச்சை ரெண்டு வேளைதானம்மா..." அப்பாவின் குரல் இறங்கிப்போனது.

"இந்த மாசம் ஆஸ்பத்திரிக்கு வேற கம்பெனி மாத்திரை வந்துச்சி. வரிசையில எழுபது பேரு. மாத்திரை பேரைச் சொல்லிச் சொல்லித்தான் குடுத்தோம். நிறம் மாறினதை யாரும் சொல்லல." அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்தத் தெருவுலயே பதினோரு பேரு இந்த ரெண்டு மாத்திரையும் போடறாங்க."

"அவங்கள்ள எத்தினி பேரு நிறத்தைப் பாத்துப் போடறாங்கக்கா?"

அதற்குள் ஆட்டோ வந்தது. அப்பாவுக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுத் தேவி அத்தை ஏறிக்கொண்டாள்.

"நீ வரலியாடி?" என்றார் அப்பா.

இளவரசிக்கு ஒரு கால் ஆட்டோவில், ஒரு கால் தெருவில். "நீ முன்னாடி போப்பா. நான் அக்காகூட வரேன். எல்லாரும் ராத்திரி மாத்திரையப் போட்டுடுவாங்க இல்ல?"

அவள் வீட்டுக் கொல்லைக்கு ஓடி, சிதறிக் கிடந்த மிதவைகளுக்கு நடுவே நீலக் கயிற்றுக் கண்டை எடுத்தாள்.

"கயிறு எதுக்கு?" என்றார் அக்கா.

"நிறம் மாறும்க்கா. முடிச்சு மாறாது. ஒரு வேளை மாத்திரைன்னா ஒரு முடிச்சு. ரெண்டு வேளைன்னா ரெண்டு முடிச்சு. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் கட்டறேன்."

வீடு வீடாக ஏறினார்கள். சகாயராணி அக்கா பெயரைப் படித்துச் சொல்ல, இளவரசி அட்டையில் ஓட்டை போட்டு முடிச்சுக் கட்டினாள். பதினோரு பேரில் ஆறு பேர் மாற்றித்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் காசம்மாளுக்கு அப்போதே கை நடுக்கம். அவரையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள்.

திங்கட்கிழமை படகுகள் போயின. அப்பா கரையில் உட்கார்ந்து முணுமுணுத்தார். அம்மா அவரை நகரவிடவில்லை. அடுத்த மாதத்திலிருந்து மாத்திரை வாங்கும் இடத்திலேயே ஒரு கயிற்றுக் கண்டு வைக்கப்போவதாக அக்கா சொன்னார். வெள்ளிக்கிழமை வந்து விரலில் குத்திப் பார்த்து, "போலாம்ணே" என்றார்.

மறுநாள் விடியலில் இளவரசி அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியில் இரண்டு அட்டைகளை வைத்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினார். "ஒன்னு. ரெண்டு. சரியா?"

"சரி. இந்தா, இதையும் வெச்சிக்க." காகிதத்தில் மடித்த ஒரு கட்டி வெல்லம். "வேர்த்து, கை நடுங்கினா மட்டும்தான். புரிஞ்சிதா?"

"புரிஞ்சிது" என்றார் அப்பா. படகில் ஒரு காலை வைத்தார். அப்புறம் திரும்பி, பாவமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"எம்மா... இப்பவே லேசா வேர்க்கற மாதிரி கீதே?"

இளவரசி எட்டி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கடற்காற்றில் அது ஜில்லென்று இருந்தது.

"மூச்!" என்றாள்.