அணிவகுப்புக்கு முன்னால் என்ன சாப்பிடலாம்?

கேட்டா என்ற கடலோர ஊரின் பள்ளியிலேயே யாய்ராவின் குரல்தான் பெரியது. அவள் "இடம்! வலம்!" என்று கத்தினால், காயலில் வலை வீசுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் சுதந்திர தின அணிவகுப்பில் கட்டளை சொல்லும் வேலையை அக்பேகோ சார் அவளுக்குக் கொடுத்திருந்தார்.

யாய்ராவுக்குச் சந்தோஷம்தான். ஆனால் பையை நினைத்தால் கவலை.

போன மழைக்காலத்தில் அவளுக்கு டைபாய்டு வந்து குடலில் ஓட்டை விழுந்துவிட்டது. டாக்டர்கள் அறுவை சிகிச்சை செய்து, சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். உள்ளே புண் நன்றாக ஆறியதும் குடலை மறுபடி இணைத்துவிடுவார்களாம். அதுவரை மலம் அந்தப் பைக்குள்தான் வரும். நிறைந்தால் கழிப்பறையில் கொட்டிவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் ஊரே பார்க்க நடக்கும்போது சீருடைக்குள் பை புடைத்துத் தெரிந்தால்?

'சாப்பிட்டால்தானே பை நிறையும்? சாப்பிடாமலே போய்விட்டால்?' என்று நினைத்தாள் யாய்ரா.

அன்றிலிருந்து பள்ளி நாட்களில் காலைச் சாப்பாட்டை அம்மாவுக்குத் தெரியாமல் தம்பி செனாவின் தட்டுக்குத் தள்ளினாள். செனா ஏன் என்று கேட்கவில்லை. கேட்பதற்கு அவன் வாயில் இடமில்லை.

ஒத்திகையன்று எல்லாரும் அசையாமல் வரிசையில் நின்றார்கள். மைதானமே அமைதியாக இருந்தது.

"புர்ர்ர்ர்!"

"யாருடா தவளைய மிதிச்சது?" என்றான் டேலா. வரிசை முழுவதும் சிரித்தது.

யாய்ரா குனிந்து பார்த்தாள். பை பலூன் மாதிரி உப்பியிருந்தது. வெயில் சுட்டது. தலை சுற்றியது. கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்க, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்பேகோ சார் ஓடிவந்து அவளை நிழலுக்குக் கூட்டிப்போனார். "உடம்பு முடியலன்னா வேண்டாம்மா. கஃபுயி கட்டளை சொல்லட்டும்" என்றார்.

மாலையில் தோழி கஃபுயி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"எனக்குக் கொசு மாதிரிதான்டீ குரல் வரும்! நான் கத்தினா ஒருத்தன் இடது கால் வைப்பான், ஒருத்தன் வலது கால் வைப்பான். உனக்கு என்னதான் ஆச்சு?"

யாய்ரா தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னாள்.

"சாப்பிடாமலேயா அவ்வளவு சத்தம்?" என்றாள் கஃபுயி.

யாய்ரா யோசித்தாள். "ஆமால்ல? ஞாயித்துக்கிழமை வயிறு நிறையச் சாப்பிட்டுட்டுத்தான் சர்ச்சுக்குப் போனேன். ஒரு சத்தமும் வரல. பட்டினி கிடந்தாத்தான் பை நிறையக் காத்து. வர்றதும் வெறும் தண்ணியா வருது."

"அப்போ உன் குடலுக்குப் பசிச்சா அது கத்துது. நம்ம செனா மாதிரி."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு யாய்ரா எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள்.

"அம்மா, நான் கொஞ்ச நாளா காலையில சாப்பிடறதே இல்ல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ தட்டுல வச்சதெல்லாம் யாரு தின்னது?"

செனா மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தான்.

"அதான் இவன் சட்டை பத்தல! ஏன்டி, ஆஸ்பத்திரியில எவ்வளவு சொல்லி அனுப்பினாங்க? உப்பும் தண்ணியும் உடம்புல குறைஞ்சா மயக்கம் வரும்னு சொன்னாங்கல்ல?" என்றாள் அம்மா.

"இனிமே சாப்பிடறேன்மா. ஆனா எது, எப்போன்னு நானே பார்த்துச் சொல்றேன்."

மறுநாள் சீக்கிரமே எழுந்தாள். மசித்த வள்ளிக்கிழங்கும் முட்டையும் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மென்றாள். பள்ளிக்குக் கிளம்புமுன் பையைக் காலி செய்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துப் புட்டியில் எடுத்துக்கொண்டாள். இடைவேளையில் ஒரு வாழைப்பழம்.

டேலா சுட்ட சோளத்தை நீட்டினான். "இந்தா, பாதி கடிச்சுக்கோ."

"வேண்டாம்டா. சோளமும் தேங்காயும் எனக்கு உள்ள போய் அடைச்சுக்கும்."

"அப்போ உன் பங்கும் எனக்கா?" டேலாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

பை உப்பவில்லை. தலையும் சுற்றவில்லை. அடுத்த ஒத்திகையில் யாய்ரா நேராக சாரிடம் போனாள். "சார், இன்னொரு தடவை பாருங்க." சார் பார்த்தார்; கட்டளை சொல்லும் வேலையை மறுபடி அவளுக்கே கொடுத்தார். கஃபுயிதான் எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டினாள்.

சுதந்திர தினத்தன்று வெயில் கொளுத்தியது. யாய்ரா கையை வீசி முன்னால் நடந்தாள். "இடம்! வலம்! இடம்! வலம்!" பின்னால் வந்த கால்கள் எல்லாம் ஒரே காலாக விழுந்தன. கூட்டத்தில் யாரும் அவள் வயிற்றைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அணிவகுப்பு முடிந்ததும் அக்பேகோ சார் வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "என்னம்மா இது! அன்னைக்கு நிக்கவே முடியல. இன்னைக்கு ஊரே அதிருது. என்ன செஞ்சே?"

யாய்ரா புட்டியைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தாள்.

"சாப்பிட்டேன் சார்" என்றாள்.