இரண்டாம் தூண்

குண்டு மோதி, தூண் அதிர்ந்து, தாளில் ஊசி கோடு கிழித்து அடங்கியது. பிறகு யாரும் எதையும் தொடாமலே ஊசி இன்னொரு முறை துடித்தது.

கருவியில்தான் கோளாறு என்று நினைத்தார் பாலகுரு. புயலுக்கு அடுத்த வருஷம் அது. சுரக்குடிப் பக்கம் வெள்ளம் அரித்துப்போட்ட ரயில் பாலத்தின் தூண்கள் இன்னும் விறைப்பாக நிற்கின்றனவா என்று சோதிக்க அவரை அனுப்பியிருந்தார்கள். கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டை இழுத்து விட வேண்டும். பலமுள்ள தூண் சட்டென்று அடங்கிவிடும். முதல் தூண் அடங்கியது. இது அடங்கவில்லை.

உதவிக்கு வந்த ஜெகபர் சாதிக் மறுபடி குண்டை விட்டார். ஒரு அடிக்கு ஒரு துடிப்பு. இரண்டு அடித்தால் இரண்டு. பாலகுரு தூணில் காதை வைத்தார். ஆற்றுச் சேற்றின் வாடை, ஈரச் சிமெண்டின் வாடை, எங்கோ கடல் இரையும் சத்தம், இவற்றுக்கெல்லாம் அடியில், பூட்டிய கதவை விரல் முட்டியால் தட்டுவதுபோல மெதுவாக ஒன்று கேட்டது.

"வண்டி ஏதும் வருதா பாய்?"

"இப்ப வண்டியே கிடையாதுங்களே சார்."

அதற்குமேல் சாதிக்கால் மறைக்க முடியவில்லை. இரண்டு மாதம் முன்பு இந்தத் தூணின் விரிசலைச் சுற்றிப் புதிதாகக் கான்கிரீட் போட்டபோது, மாரிக்கண்ணு என்ற அம்பகரத்தூர்க் கூலியாள் கான்கிரீட்டைத் தாங்க அடித்த பலகைக்கும் தூணுக்கும் இடையில் சறுக்கி விழுந்துவிட்டானாம். பாதியில் நிறுத்தினால் வேலை கெட்டுவிடும் என்று கான்டிராக்டர் கொட்டச் சொன்னாராம். அவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டதாக வீட்டில் சொல்லியனுப்பினார்களாம். சொல்லிவிட்டுச் சாதிக் கண்ணால் கரையைக் காட்டினார். அங்கே அவன் பெண்சாதி பூவாயி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அங்கேதான் இருந்திருக்கிறாள்.

பாலகுரு ஸ்டேஷனுக்குப் போய் மேலதிகாரிக்குப் போன் செய்தார்.

"தூண் வண்டியத் தாங்குமா, தாங்காதா?"

"தாங்கும் சார். ஆனா உள்ள..."

"தாங்கும்னா அத எழுதுங்க. உள்ள பொந்து இருந்தா ஓட்டை போட்டுப் பாருங்க, பொழுது சாயறதுக்குள்ள அடைச்சிடுங்க."

சாதிக் உளி வைத்துக் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டார். பிண வாடை வரும் என்று பாலகுரு மூக்கைப் பொத்திக்கொண்டார். வரவில்லை. வந்தது வெதுவெதுப்பான காற்று. வியர்வையும் புகையிலையும் கலந்த வாடை. கொஞ்சம் வந்து, நின்று, மறுபடியும் கொஞ்சம் வந்தது. அடைப்பதற்குச் சிமெண்டு எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டுச் சாதிக் சைக்கிளை மிதித்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பூவாயி சேற்றில் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அவருதானான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. இடது கையில சுண்டு விரல் இருக்காது."

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் இவள் போய்விடுவாள், ஓட்டையை அடைத்துவிட்டுத் தானும் கிளம்பலாம் என்று பட்டது. தேடிப் பார்த்ததாக அவள் நம்பட்டும் என்றே கையை உள்ளே விட்டார்.

சொரசொரப்பு. ஈரம். பிறகு, தோல்.

உள்ளே இருந்தது அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டது. அவசரமில்லாமல். இறுக்கமாக.

அவர் இழுத்தார். வரவில்லை.

"எத்தன விரலு?" என்றாள் பூவாயி.

அவர் மறு கையைத் தூணில் ஊன்றி இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார்.

"நாலா?"

தலையை மட்டும் ஆட்டினார். அவள் முகம் மலர்ந்தது. அவரைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு, ஓட்டையின் விளிம்பில் வாயை வைத்து, சோற்றுக்குக் கூப்பிடுகிறவள்போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"விட்டுடாதீங்க. இவரு போனா மறுபடியும் அடைச்சிடுவாங்க."

பிடி இழுத்தது. பாலகுருவின் முழங்கை உள்ளே போனது. கன்னம் சிமெண்டில் அழுந்தியது. கரையில் ஆள் இல்லை. பூவாயி அவர் முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்துத் தள்ளினாள்.

உள்ளே இன்னொரு கை. இதில் ஐந்து விரல்கள். அவர் சட்டைக் கைக்குள் நுழைந்து, தோளை நோக்கி, ஒவ்வொரு விரலாக ஏறிக்கொண்டிருந்தது.