ஆறாவது குழாய்

பதினோரு துள்ளலைத்தான் ஓனன் எண்ணியிருந்தான்.

ஆறு குழாய்களில், குழாய்க்கு இரண்டாக, பன்னிரண்டு கண்ணிவெடிகள். ஒன்று குழாய் வழியே கடலில் விழும்போதெல்லாம் பாரம் குறைந்து நீர்மூழ்கி லேசாகத் துள்ளும். பன்னிரண்டாவதற்குக் கைப்பிடியை இழுத்தான், துள்ளவில்லை. அதே நேரம் தலைக்கு மேலே எதிரிகளான ஆங்கிலேயரின் ரோந்துக் கப்பல் ஒன்று தடதடத்துக் கடந்துகொண்டிருந்தது.

"என்னய்யா, முடிஞ்சுதா இல்லியா? வெடிக்குத் தாலாட்டுப் பாடிட்டிருக்கியா?" பேசுகுழாயில் கேப்டன் சீறினார்.

"முடிஞ்சுதுங்க கேப்டன். பன்னெண்டும் போயிருச்சு."

பொய் வாய் தவறி விழுந்துவிட்டது. போன பயணத்தில் இப்படி வீண் சந்தேகம் சொல்லிக் கப்பலே சிரித்த அவமானம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. வெடியை இறக்குமுன் குழாயை உள்ளங்கையால் மூன்று முறை தட்டுவது அவனும் நண்பன் ஃபோக்கோவும் வைத்திருந்த வழக்கம். இன்று அவசரத்தில் கடைசியான ஆறாவது குழாயைத் தட்டாமலே இழுத்துவிட்டான். ஃபோக்கோ போன மாதம் இதே கடலில், தன் படகின் வெடியாலேயே, தன்னோடு சேர்த்துப் பதினான்கு பேராகப் போய்ச் சேர்ந்தவன்.

டீசல் நாற்றமும் பூஞ்சை பிடித்த ரொட்டியின் வாடையும் ஈரக் கம்பளியின் நெடியும் கலந்த அந்த இடுக்கில், வியர்த்துச் சொட்டும் இரும்பில் காதை வைத்தபடி, உள்ளே வெடியைக் கட்டிவைத்திருக்கும் உப்புக்கட்டி கடல்நீரில் கரைவதையே நினைத்துக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் தாங்கும். கரைந்துவிட்டால் வெடி விழித்துக்கொள்ளும். இருபது நிமிடம் போய்விட்டது.

தட். தட். தட்.

குழாய்க்குள்ளிருந்து. உள்ளங்கையால்.

ஓனன் பேசுகுழாயைப் பாய்ந்து பிடித்தான்.

"கேப்டன்... பொய் சொல்லிட்டேங்க. ஒண்ணு உள்ளயே நிக்குது."



"பாவி! பதினாலு உசிருய்யா! இழு!"

இழுத்தான். கொக்கி விடுபட்டது.

படகு துள்ளவில்லை. அமிழ்ந்தது. ஓர் ஆள் ஏறிய தோணிபோல.

"போயிருச்சா?"

ஐந்தாவது குழாய். காலியான குழாய். தட். தட். தட். மீண்டும் அமிழ்ந்தது.

நான்காவது.

"ஓனன்! போயிருச்சான்னு கேக்குறேன்!"

ஓனன் எண்ணிக்கொண்டிருந்தான். ஃபோக்கோவோடு மூன்று பேர் ஏறியாகிவிட்டது. இன்னும் பதினோரு பேர்.