அண்ணன் செருப்பு

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது செருப்பு ஈரமாக இருந்தது.

அவளுடைய செருப்பு இல்லை. கதவுக்கு வலப்பக்கம், சுவரைப் பார்த்தபடி எப்போதும் கிடக்கும் அந்தப் பெரிய ஆண் செருப்பு. மழை பெய்து எத்தனையோ நாளாகிறது. மாடிப்படிக்கு மேலே கூரையும் இருக்கிறது. அப்படியும் இரண்டு குதிகாலிலும் கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. மகள்தான் அதை மாட்டிக்கொண்டு கீழே குழாயடியில் ஆடியிருப்பாள் என்று நினைத்தாள்.

"இனிமே இதைத் தொட்டே, தோலை உரிச்சிடுவேன்."

"நான் தொடலைம்மா," என்றாள் ஏழு வயது மகள். "மாமா செருப்பு ரொம்ப கனமா இருக்கு."

மாமா! அப்படி ஒரு ஆள் இந்த உலகத்திலேயே கிடையாது. அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கணவன் செத்த பிறகு, மருந்துக்கடை வேலையை நம்பி இந்த நகரத்துக்கு வந்தவள். வந்த புதிதில் இரவு வீடு திரும்பும் வழியெல்லாம் பைக்குகள் பக்கத்தில் வந்து வேகம் குறைத்தன. மூலைக்கடை வாசலில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவள் கடந்துபோகும்வரை பார்த்தார்கள். ஒருவன் வீட்டுக் கதவுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனான்.

மருந்துக்கடைக் கல்லாவில் உட்காரும் அக்காதான் வழி சொன்னாள். "அழுதுட்டு நின்னா ஆச்சா? பெரிய ஆம்பளைச் செருப்பு ஒண்ணு வாங்கி வாசல்ல போடு. நடக்கும்போது போனைக் காதுல வச்சுக்கிட்டு, வீட்ல இருக்கிற அண்ணன்கிட்ட பேசுற மாதிரி நல்லா சத்தமா பேசு. தெருவே கேக்கணும். ஒரு பய கிட்ட வரமாட்டான்."

பழைய சாமான் விற்பவனிடம் இருந்ததிலேயே பெரிய ஜோடியைப் பொறுக்கினாள். "தைரியமா எடுத்துட்டுப் போங்க, யாரும் திரும்பக் கேட்டு வரமாட்டாங்க," என்று அவன் சிரித்தான். குழந்தை உண்மையை உளறிவிடக் கூடாதே என்று மகளிடமும் மாமா கதையையே சொல்லி வைத்தாள். மாமா ராத்திரி நீ தூங்கின பிறகுதான் வருவார், நீ முழிப்பதற்குள் போய்விடுவார். மந்திரம் போட்டதுபோல் பலித்தது. பைக்குகள் விலகிப்போயின. ஒரு செருப்புக்கு இருக்கிற மரியாதை இரண்டு காலோடு நடக்கிற பொம்பளைக்கு இல்லை என்று அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

அன்று கடை மூடியதும் வழக்கம்போலப் போனைக் காதில் வைத்தாள். திரை இருண்டுதான் கிடந்தது.

"கிளம்பிட்டேன்ணா. ம்... பாப்பா தூங்கிட்டாளா?"

அண்ணன் பதில் சொல்வதற்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டாள். கல்லா அக்கா சொல்லிக்கொடுத்த சூட்சுமம் அது. இடைவெளி விடாமல் பேசினால் பொய் என்று தெரிந்துவிடும்.

பூட்டிய கடைகளின் இரும்புக் கதவுகள் காற்றில் அதிர்ந்துகொண்டிருந்தன. சாக்கடையின் புளித்த நாற்றத்தோடு, எங்கோ ரப்பர் எரியும் வாடை கலந்து மூக்கை அடைத்தது. தெருவிளக்குகள் ஒன்று விட்டு ஒன்று எரிந்ததால், அவள் நிழல் காலடியிலிருந்து நீண்டு, மெலிந்து, இருட்டில் கரைந்து, அடுத்த விளக்கில் மறுபடி முளைத்தது. வீட்டுச் சாவியை விரலிடுக்கில் கத்திபோலப் பிடித்திருந்தாள். பின்னால் யாரும் இல்லை. வழக்கமாக யாராவது இருப்பார்கள். மூலைக்கடை வாசலில்கூட இன்று ஒருவரும் இல்லை.

"தெருமுனை திரும்பிட்டேன்ணா."

தெருமுனைக் காவலாளி நாற்காலியைவிட்டு எழுந்தார். அவளை எப்போதும் மேலும் கீழும் பார்த்து உறுமுகிற ஆள். இன்று பல் தெரியச் சிரித்தார்.

"நீ சும்மா புருடா விடுறேன்னு நினைச்சேம்மா. இன்னிக்குத்தான் உன் அண்ணனைப் பாத்தேன். அடேயப்பா, என்ன உயரம்!"

அவள் கை போனோடு காதிலேயே நின்றுவிட்டது. "எங்க பாத்தீங்க?"

"உன் அண்ணன்னு சொல்லிட்டு இந்த வழியாத்தான் போனார். வெறுங்காலோட."

இருண்ட திரையைத் தட்டி எழுப்பிக் கீழ்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். அவள் வரும்வரை மகள் தூங்குவது அந்த வீட்டில்தான். மாற்றுச் சாவி இருப்பதும் அங்கேதான்.

"பாப்பாவா? உன் அண்ணன் வந்து மேல தூக்கிட்டுப் போயிட்டாரே," என்றாள் கீழ்வீட்டு அம்மா, தூக்கம் கலைந்த கடுப்போடு. "சாவியும் வாங்கிட்டார்."

"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"யாரைக் கேக்கணும்? தெனம் தொண்டை கிழிய அண்ணா அண்ணான்னு கத்துறது நீதானே? புள்ளையும் மாமான்னு ஓடிப்போய் ஒட்டிக்கிச்சு. வைம்மா போனை."

காவலாளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "கூட வாங்க! அவன் என் அண்ணன் இல்லை. எனக்கு அண்ணனே இல்லை!"

அவர் கையை உதறினார். சிரிப்பு போய்விட்டது. "நேத்து வரைக்கும் அண்ணன், இன்னிக்கு இல்லையா? அண்ணன் தங்கச்சி சண்டையில எவனாவது தலையிடுவானா? போம்மா."

ஓடினாள்.

சாவி உள்ளங்கையைக் கீறியது. மூச்சு முட்டியது. தெருவில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. "யாராவது வாங்களேன்!" என்று கத்தினாள். எட்டிப்பார்த்த முகங்கள் அவளை அடையாளம் கண்டுகொண்டு உள்ளே போயின. அண்ணன்காரன் இருக்கிற வீடு. ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.

படி. இருட்டு. சேற்று வாடை. ஒவ்வொரு படியிலும் ஈரமாக ஒரு பாதம், வெறும் பாதம், மேல்நோக்கி. தன் பாதத்தை அதன் மேல் வைக்காமல் ஏற முடியவில்லை. அவ்வளவு பெரிது.

வாசலில் செருப்பு இல்லை.

அது கிடந்த இடத்தில், சுவரைப் பார்த்தபடி, மகளின் சின்னச் செருப்பு ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

சாவியை நுழைத்துத் திருப்பினாள். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. உள்தாழ்ப்பாள். மகளுக்கு எட்டாத உயரத்தில் இருப்பது அது.

"பாப்பா! கண்ணு! அம்மா வந்துட்டேன்டா!"

உள்ளே குழந்தை கிளுகிளுவென்று சிரித்தாள். பிறகு சத்தமில்லை. அவளுக்கு அந்தச் சத்தமின்மை தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் அவளே அளந்து விட்ட இடைவெளி அது.

"இன்னும் தூங்கலைம்மா," என்றது ஒரு ஆண் குரல். கதவுக்கு மிகப் பக்கத்தில். பொறுமையாக.

சாவி நழுவி விழுந்தது. குனிந்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

அந்தச் செருப்பு. அதற்குள் சேறு உலராத இரண்டு பாதங்கள், அளவெடுத்ததுபோல் கச்சிதமாக. அந்தப் பாதங்களின் மேல், அப்பாவின் காலில் ஏறி நின்று நடை பழகும் குழந்தைபோல, மகளின் இரண்டு குட்டிக் கால்கள்.

நான்கும் ஒன்றாக ஓரடி முன்னால் வந்தன. மேலே தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது.