இடைவெளி

வியாழனின் நிலவான கானிமீடின் குடியிருப்பில் ஐந்து வயது நிறைந்த குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, காதுக்குப் பின்னால் அறிவுப்பருக்கை பதிப்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்குமான பாடம் முழுவதும் அந்தப் பருக்கைக்குள் இருக்கும். குழந்தை சற்று அழும். மாமன் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பார். படிப்பு முடிந்தது.

ரோஸ்லினுக்கு அந்த வயதில் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. மருத்துவர் பதிக்க மறுத்துவிட்டார். சீழ் நிற்பதற்குள் எலும்பு இறுகிவிட்டது; இனிப் பதிக்க வழியில்லை. பருக்கை வந்தபின் பள்ளிகளே இல்லை என்பதால் அம்மா பிரகாசி வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தாள். அப்பா சூசை பனிச்சுரங்கத்திலிருந்து கட்டிகளைக் கொண்டுவந்து போடுவார். அவற்றை உருக்கியும் உடைத்தும் மிதக்கவிட்டும் அம்மாவும் மகளும் படித்தார்கள். "பதறாத ஏட்டி. நின்னு பாரு, அதுவே சொல்லும்" என்பாள் பிரகாசி.

இப்போது ரோஸ்லினுக்குப் பதினேழு வயது. இப்படிப்பட்டவர்களுக்குக் கல்லூரி ஒரே ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. புள்ளித்தேர்வு எழுதித் தேறினால் முதலாண்டுப் பாடங்களுக்கான புள்ளிகள் கிடைக்கும்; இடமும் கிடைக்கும். இரண்டு வாய்ப்புகள்தாம். தவறினால் சுரங்கத்தில் பனி அள்ள வேண்டியதுதான்.

தேர்வறையில் மனிதர் யாரும் இல்லை. சுவரில் தேர்வுக்கண் என்ற இயந்திரம் மட்டும் இருந்தது.

"பனிக்கட்டி நீரில் மிதப்பது ஏன்?"

ரோஸ்லின் கண்ணை மூடினாள். வாளியில் மிதந்த கட்டிகள் நினைவுக்கு வந்தன. உறையும்போது தண்ணீர் விரிவதை, கண்ணாடிக் குடுவை வெடித்த நாளை நினைத்துப் பார்த்தாள். பிறகு தன் சொற்களில் விடை சொன்னாள்.

"விடை சரி" என்றது தேர்வுக்கண். "விடைக்கு முன் இடைவெளி. யாரிடம் கேட்டாய்?"

"யாருட்டயும் கேக்கல. யோசிச்சேன்."

இயந்திரம் 'யோசிப்பது' என்ற சொல்லைத் தன் அகராதியில் தேடியது. பருக்கையின் தொடர்பு அறுந்திருக்கும் நிலை என்று அதில் இருந்தது. ரோஸ்லினுக்குப் பருக்கையே கிடையாது. இல்லாத தொடர்பு அறுந்திருக்க முடியாது; ஆகவே அவள் வேறு யாரிடமோ கேட்டிருக்க வேண்டும். "எல்லா விடைகளும் சரி. முறைகேடு உறுதி" என்று முடிவு வந்தது.

பிரகாசி மகளைக் கூட்டிக்கொண்டு தேர்வு அதிகாரியிடம் போனாள். அவர் பெயர் மணவாளன். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார்.

"மத்த பிள்ளைகளுக்குத் தலைக்குள்ளயே விடைய வச்சு அனுப்புதீங்க. அது காப்பி இல்லையா சார்?"

"அது அவங்கவங்க சொந்தப் பருக்கைம்மா."

"எம்பிள்ளக்கு உள்ளது அவ சொந்த மூளைல்லா?"

"எனக்குப் புரியுது. மெஷினுக்குப் புரியாதே. படிச்ச பிள்ளை எதுக்கு நிறுத்தி யோசிக்குதுன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?" அவர் குரலைத் தாழ்த்தினார். "பருக்கை வர்றதுக்கு முன்னாடி, பூமியில ஒரு முறை இருந்துச்சு. கேள்வியையும் பதிலையும் அப்படியே உருப்போடுறது. புரியணும்னு கட்டாயம் இல்ல. கோடிக்கணக்கான பிள்ளைங்க அதுலதான் பாஸ் பண்ணியிருக்காங்க. அந்தக் கொடுமை வேண்டாம்னுதான் பருக்கையவே கண்டுபிடிச்சாங்க. நீங்க அதையே செஞ்சு பாருங்க."



மறுநாள் பனிக்கட்டிகள் வெளியே போயின. பிரகாசி கேள்வி கேட்டாள். ரோஸ்லின் விடை சொன்னாள்.

"யம்மா, இதுல ஒரு சந்தேகம்."

"சந்தேகமெல்லாம் சீட்டு கெடச்ச பொறவு. பதிலச் சொல்லு."

"இது ஏன் இப்படின்னு மட்டும்—"

"ஏட்டி, உன் கால்ல விழட்டா? யோசிக்காத."

சொல்லிவிட்டுப் பிரகாசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முதலில் கேள்வி முடிந்ததும் விடை வந்தது. பிறகு பாதியிலேயே வந்தது. கடைசியில் கேள்வியின் முதல் சொல்லே போதுமாக இருந்தது. மகள் கண்ணை மூடுவதை மறந்துவிட்டதைப் பிரகாசி கவனித்தாள். அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

இரண்டாம் தேர்வில் தேர்வுக்கண் பேசி முடிப்பதற்குள் விடைகள் வந்து விழுந்தன. "இடைவெளி இல்லை. மாணவி இயல்பாக இருக்கிறாள்" என்று அறிவித்தது. எல்லாப் புள்ளிகளும் கிடைத்தன. கல்லூரியில் இடமும் உறுதியானது.

பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பிரகாசி கேசரி கொடுத்து அனுப்பினாள். மணவாளன்கூட அழைத்து வாழ்த்தினார். வேலை முடிந்து வந்த சூசை, மேலெல்லாம் பனித்தூள் உதிர, மகளைத் தேடிக்கொண்டு உள்ளே போனார். அவள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன மக்கா, ஏன் அழு—"

"சந்தோசத்துல."

அவர் கேட்டு முடிக்கும் முன்பே விடை வந்துவிட்டது. அதனால் சூசை அதை நம்பினார். அவள் தலையைத் தடவிவிட்டுக் கேசரி சாப்பிடப் போனார்.