டாட்ஜ் வண்டியின் இடப்பக்கச் சக்கரங்கள்

காலை ஆறே கால். வங்காளத்தில், கிடர்பூரில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பு. தரைத்தளத்து ஷெட்டைத் திறந்த ஜம்புநாதன் போட்ட சத்தம் மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டது.

"திருடன்! டேய் ரஞ்சன், எங்கேடா என் சக்கரம்?"

ரஞ்சன் குடியிருப்பின் வாட்ச்மேன். கேட்டருகே பல் விளக்கிக்கொண்டிருந்தவன் வாயில் நுரையோடு ஓடி வந்தான். ஷெட்டுக்குள் 1954-ஆம் வருடத்து டாட்ஜ் பிக்கப் நின்றிருந்தது. வலப்பக்கம் இரண்டு சக்கரங்களும் இருந்தன. இடப்பக்கம் இரண்டும் இல்லை, மரக்கட்டைகள்தான் முட்டுக் கொடுத்திருந்தன.

துறைமுக அலுவலகத்தில் என்ஜினீயரான ஜம்புநாதன், துருப்பிடித்துக் கிடந்த அந்த வண்டியை வாங்கி நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்கே கொடுத்தவர். அன்று பத்து மணிக்கு மைதானத்தில் பழைய வண்டிகளின் அணிவகுப்பு. 'ஒவ்வொரு திருகும் என் கையால் திருகியது' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

பால்கனிகளில் தலைகள் முளைத்தன. "அவன்தான் எடுத்திருப்பான்", "சாவி அவன்கிட்டதானே இருக்கு", "இவங்களை நம்பவே கூடாது". ஒருத்தராவது கீழே இறங்கி வந்து பார்த்தாரா என்றால் இல்லை. தீர்ப்பு சொல்ல மட்டும் மேலேயே நின்றுகொண்டார்கள்.

இறங்கி வந்தவர் ஷியாமளா ஒருத்தர்தான். இரண்டாவது மாடிக்காரர், சுங்க இலாகா அதிகாரி, ஜம்புநாதனைப் போலவே தமிழ்க்காரர். கப்பலில் வரும் பெட்டிகளுக்குள் யார் எதை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதே அவருக்குப் பிழைப்பு. அநியாயத்தைப் பார்த்தால் அவருக்கு மூக்கு சிவந்துவிடும். அன்று காலை காபிக்கு முன்பே சிவந்திருந்தது.

ஜம்புநாதன் போனில் புகார் கொடுத்ததில், ஏழு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் விக்ரம் வந்தார். வந்ததும் வராததுமாக ரஞ்சனின் அறையைக் கலைத்துப் போட்டார். ஒரு பாய், ஒரு ஸ்டவ், இரண்டு சட்டை. சக்கரத்தை யாரும் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்குவதில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

"இவனை வேலைக்கு வெச்ச காண்ட்ராக்டருக்குச் சொல்லியாச்சு மேடம். வந்ததும் இவனை வேலையிலேர்ந்து எடுத்துடுவார். நான் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"ஷெட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு சார்கிட்ட, ஒண்ணு இவன்கிட்ட. வேற யாரு?"

ரஞ்சன் ஷியாமளாவைப் பார்த்துக் கைகூப்பினான். அவனுக்குத் தெரிந்த இந்தியில், அக்கா முறை வைத்துத்தான் பேசினான். "தீதி, போலீஸ்ல பேர் ஏறிடுச்சுன்னா இந்த ஊர்ல எந்த பில்டிங்லயும் என்னை கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும்."

"அரை மணி நேரம் கொடுங்க சார்," என்றார் ஷியாமளா. அது கேட்பது மாதிரி இல்லை, உத்தரவு மாதிரிதான் இருந்தது. விக்ரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

முதலில் கேட் கேமரா. முந்தின நாள் ஷெட்டில் நடந்த பூஜைக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு வந்து, பிரசாதப் பொட்டலத்தோடு போயிருந்தார்கள். ஒரு சைக்கிள் டயர்கூட வெளியே போகவில்லை. பின்பக்கச் சுவரோ இரண்டு ஆள் உயரம், மேலே கண்ணாடிச் சில்லு.

அடுத்து ஷெட். நடந்தது விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு வங்காளத்தில் ஆயுதத்தைக் கும்பிடுவார்களே தவிரத் தொடமாட்டார்கள். அன்றைக்கு ஊரெல்லாம் விடுகிற பட்டங்களில் அறுந்து உள்ளே வந்து விழுந்த ஒன்று பிக்கப்பின் கூரைமேல் இன்னும் கிடந்தது. மூலையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்து, தரைவரை தொங்கும் மஞ்சள் துணி போர்த்திய மேடை. அதன்மேல் யானை வாகனத்தோடு விஸ்வகர்மா. மத்தியானம்தான் கங்கையில் கரைக்கப் போகிறார்கள். கண்டதையெல்லாம் கலைத்த விக்ரம் சாமிக்கு முன்னால் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்திருந்தார்.

சாமியின் காலடியில் கருவிகள் வரிசையாக இருந்தன. ரெஞ்சு, சுத்தியல், உளி எல்லாவற்றிலும் எண்ணெயில் குழைத்த செந்தூரம் மினுங்கியது. வீல் ஸ்பானருக்கும் ஜாக்கிக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் வட்டமாகக் குங்குமப் பொட்டு அழகாக இட்டிருந்தது.

ஷியாமளா குனிந்து பிக்கப்பின் இடப்பக்கத்தைப் பார்த்தார். சக்கரம் இல்லாத இடத்தில் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அதனதன் நட்டைக் கையாலேயே திருகி மாட்டியிருந்தது. ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை.

என்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு துணி சுருட்டி வைத்திருந்தது. விரித்தார். கறை கறுப்பாக இல்லை. பால் காபி நிறத்தில் கொழகொழவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தார், என்ஜின் ஆயில்தான். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏழே முக்காலுக்கு ரோஹித் வந்து சேர்ந்தான். ஜாதவ்பூர்க்காரன், வங்காளி, ஜம்புநாதனோடு சேர்ந்து பிக்கப்பைப் பழுது பார்ப்பவன். பூஜைக்குப் புரோகிதரை அழைத்து வந்ததும் அவன்தான். அவனோடு ஷியாமளா இந்தியில் பேசினார்.

"நேத்து எப்போ கிளம்பினே?"

"பூஜை முடிஞ்சு, பிரசாதம் வாங்கின உடனே."

"பொட்டு வெச்சது யாரு?"

"புரோகிதர். எல்லாத்துக்கும் செந்தூரம். ஒரே கிண்ணம், ஒரே விரல்."

"வண்டி ஓடுதா?"

ரோஹித் தரையைப் பார்த்தான். "முந்தாநாள் ஓட்டிப் பார்த்தோம். அதுக்கப்புறம் ஜம்பு அண்ணா என்னைக் கிட்டவே விடலை."

"ஏன்?"

"ஹெட் கேஸ்கெட்டை மாத்தணும்னு ஆறு மாசமா சொல்றேன். 'எனக்கு நீ சொல்லித் தர்றியா'ன்னு கத்துவார். நானும் விட்டுட்டேன்."

"இடப்பக்க வீல் நட்டை யார் வேணா கழற்றிட முடியுமா?"

"அது தலைகீழ் மரை தீதி. வலது பக்கம் திருகினாத்தான் கழலும். தெரியாதவன் இடது பக்கம் திருகினா இன்னும் இறுகும். வெறியா அழுத்தினா போல்ட்டே முறிஞ்சிடும். அந்த நட்டு, பழைய உதிரிபாகம் விக்கிற மல்லிக் பஜார் பூராத் தேடினாலும் கிடைக்காது. அதனால சக்கரத்தைக் கழற்றினா உடனே நட்டை போல்ட்லயே மாட்டி வெச்சிடுவோம்."

அந்த நேரத்தில் ஜம்புநாதனின் மனைவி கலா, போலீசுக்கென்று டீ கொண்டு வந்தார். வரும்போதே முணுமுணுப்பு. "சாமி அலமாரியெல்லாம் ஒரே குங்குமம். சிமிழைத் திறந்தா மூடத் தெரியாதா? இந்த வீட்ல யார்கிட்டச் சொல்றது?"

ஷியாமளா டீயை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை.

எட்டு மணி. காண்ட்ராக்டரின் பைக் கேட்டில் வந்து நின்றது. விக்ரம் ரஞ்சனின் தோளில் கை வைத்தார்.

"கையை எடுங்க சார்," என்றார் ஷியாமளா. "நட்டைப் பாத்தீங்களா?"

"நட்டுல என்ன?"

"அவசரத்துல சக்கரத்தைத் திருடறவன் நட்டைத் தூக்கி எறிவான், இல்லைன்னா சேத்து எடுத்துட்டுப் போவான். இவன் ஒண்ணு விடாம திரும்ப மாட்டியிருக்கான். அதுவும் தலைகீழ் மரையில, ஒரு போல்ட்டைக்கூட முறிக்காம. இந்த வண்டிமேல உசிரையே வெச்சிருக்கிற ஆள்தான் இதைச் செய்வான். ரஞ்சனுக்கு சைக்கிள் பஞ்சர்கூடப் போடத் தெரியாது."

"அப்போ ரோஹித்தா?" ஜம்புநாதன் முந்திக்கொண்டார். "எனக்கு அப்பவே சந்தேகம்!"

ரோஹித்தின் முகம் வெளுத்தது. ஷியாமளா டீ டம்ளரை டக்கென்று தரையில் வைத்தார். ஒருத்தன் தப்பித்தால் அடுத்தவன் தலையில் கட்ட இவருக்கு ஒரு நிமிஷம்கூட வேண்டியிருக்கவில்லை!

"பொறுங்க சார். ஆள் ஸ்பானரையும் ஜாக்கியையும் சாமி முன்னாடியிலேர்ந்துதான் எடுத்திருக்கான். கை பட்டு செந்தூரம் அழிஞ்சு போச்சு. பூஜை போட்ட கருவியைப் பொட்டில்லாம வைக்க மனசு வரலை. திரும்பப் பொட்டு வெச்சிருக்கான். எப்படி வெச்சிருக்கான், பாருங்க."

விக்ரம் குனிந்தார். "சந்தனம்... மேலே குங்குமம்."

"இந்த ஊர்ப் புரோகிதர் எல்லாத்துக்கும் வெச்சது எண்ணெய் செந்தூரம். சந்தனம் தடவி அதுமேல குங்குமம் வைக்கிறது எங்க ஊர்ல ஆயுத பூஜைப் பழக்கம். ரோஹித்துக்கு அந்தப் பழக்கம் கிடையாது, ரஞ்சனுக்கும் கிடையாது. எனக்கு உண்டு, ஆனா எனக்கு இந்த மரையைப் பத்தி இன்னிக்குத்தான் தெரியும். மரையும் தெரிஞ்சு, கையும் தானா சந்தனத்துக்குப் போற ஆள் இந்தக் குடியிருப்புல ஒருத்தர்தான். அவர் வீட்டுக் குங்குமச் சிமிழ்தான் திறந்து கிடந்திருக்கு."

கலா புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

"பைத்தியமா மேடம்?" ஜம்புநாதனின் குரல் உடைந்தது. "என் வண்டியை நானே எதுக்குக் கெடுக்கணும்?"

ஷியாமளா பையிலிருந்து துணியை எடுத்து விரித்தார். "ஆயில் இந்த நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டும் கலக்காம தடுக்கிற கேஸ்கெட் போயிடுச்சு. இன்னிக்கு வண்டி மைதானம் வரைக்கும்கூடப் போயிருக்காது. நடுரோட்டுல புகை விட்டு நின்னிருக்கும். ரோஹித் சொன்னதைக் கேட்கலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். சக்கரம் திருடு போச்சுன்னா வெட்கம் இல்லை, பரிதாபம். இல்லையா சார்?"

ஷியாமளா செருப்பைக் கழற்றினார். விஸ்வகர்மாவை ஒருமுறை கும்பிட்டு, மஞ்சள் துணியைத் தூக்கினார். பெஞ்சுக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு சக்கரங்கள்.

"கேட்டைத் தாண்டலைன்னா உள்ளேதான் இருக்கணும். நீங்க தேடாத இடம் இது ஒண்ணுதான்," என்றார் விக்ரமிடம்.

ஜம்புநாதன் பிக்கப்பின் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார். "நாலு வருஷம் மேடம்... எல்லார் முன்னாடியும் நடுரோட்ல நிக்கறதா? யாராவது வெளியாள் எடுத்துட்டான்னு போயிடும்னு நெனச்சேன். இவ்வளவு தூரம் போகும்னு..."

"வெளியாளா?" ஷியாமளா கத்தியே விட்டார். "கதவைத் திறந்ததும் நீங்க சொன்ன பேரு எது? உங்க நாலு வருஷ ஞாயித்துக்கிழமைக்கு இவன் ஆயுசு பூரா திருடன்னு பேர் வாங்கணுமா? போல்ட் முறியக் கூடாதுன்னு அவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சீங்களே சார், மனுஷனைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

விக்ரம் தொப்பியை மாட்டிக்கொண்டார். பொய்ப் புகார் கொடுத்ததற்கு ஸ்டேஷனுக்கு வந்து எழுதித் தர வேண்டும் என்றார். காண்ட்ராக்டர் அசடு வழிந்தபடி ரஞ்சனிடம் "ட்யூட்டியைப் பாரு" என்றார்.

ரஞ்சன் நகரவில்லை.

ஜம்புநாதன் தலையைக் குனிந்துகொண்டு அவன் பக்கம் வந்தார். "ஸாரி ரஞ்சன். நீ எடுக்கலை. தப்பு என்னோடது," என்றார், இந்தியில், தொண்டைக்குள்ளேயே.

ரஞ்சன் பால்கனிகளை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். தலைகள் இன்னும் அங்கேயேதான் இருந்தன.

"கேக்கலை சார்," என்றான். "காலையில மூணாவது மாடி வரைக்கும் கேட்டுது."